திரையில் வராத ஆட்கள்

எங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றி நான் ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. பழுகாமத்துப் பக்கமிருந்து புறப்பட்டு, பட்டிருப்புப் பாலம் தாண்டி, களுவாஞ்சிக்குடியில் பெருந்தெருவில் ஏறி, காத்தான்குடி வழியாக மட்டக்களப்பு நகரத்துக்குப் போகும் காலை பஸ் அது. சாரதி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையில் தொலைபேசியை வைத்து யாரையோ ஏசிக்கொண்டு போவான். பின்னால் இன்னொரு பஸ்ஸின் ஹோன் கேட்டுவிட்டால் போதும், ஏற்றியிருப்பது மனிதரை என்பதே அவனுக்கு மறந்துபோகும். மிதிபலகையில் பிள்ளைகள் தொங்குவார்கள். "உள்ளுக்கு இடம் இரிக்கு, உள்ளுக்குப் போங்க" என்று கொண்டக்டர் கத்துவான். உள்ளே எறும்பு நுழைய இடமிருக்காது. நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு பெட்டிக்குள் எவ்வளவு அடங்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லிப் பிரயோசனமில்லை.

நான் வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கமுள்ள எழுவான்கரை ஆள். எங்கள் பகுதி வழக்கப்படி, கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டோடு வந்து வாவியின் இந்தப் பக்கம், படுவான்கரையில், குடியேறியவன். நெடுங்காலம் மோட்டார் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். பிறகு சீனி வருத்தம், நீரிழிவுதான், கண்ணில் ஏறியது. ஒரு நாள் காலை, வளைவு என்று நான் நினைத்துத் திருப்பிய இடத்தில் வளைவு இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளோடு வட்டைக்குள் விழுந்து, அப்போதுதான் முளைவிட்டிருந்த யாரோ ஒருவருடைய நெற்பயிருக்கு நடுவே சேற்றில் கிடந்தேன். மனைவி மோட்டார் சைக்கிளின் திறப்பை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அப்படித்தான் நான் பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் ஆளை நான் கண்டது அந்த பஸ்ஸில் இருந்துதான்.

பாலத்துக்கு வரும் முன் ஓரிடத்தில், வீதியின் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வட்டை. வீடும் இல்லை, கடையும் இல்லை, ஒதுங்கி நிற்க ஒரு மரமும் இல்லை. தை மாதத்து விடியல், வாவியில் பனி மூடிக் கிடந்தது. நான் முன் ஆசனத்தில் இருந்தேன். வெள்ளைச் சாரம் கட்டிய ஒருவன், மேலில் ஒன்றுமில்லாமல், நடு வீதியில் பஸ்ஸைப் பார்த்தபடி நின்றான். ஒதுங்குவதாகத் தெரியவில்லை.

"ஆள்! ஆள்!" என்று கத்தினேன். சாரதி பிரேக்கை மிதித்த மிதியில் நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராக முன்னுக்கு வந்து விழுந்தார்கள். யாருடையதோ மத்தியானச் சோற்றுப் பொதி அவிழ்ந்து என் காலடியில் கொட்டியது. வீதி வெறுமையாகக் கிடந்தது.

வேறு ஊரென்றால் என்னைத் தூசணத்தால் குளிப்பாட்டியிருப்பார்கள். இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. சாரதி பஸ்ஸில் போட்டிருந்த பாட்டை நிறுத்தினான். கொண்டக்டர் இறங்கி, வீதியைப் பார்க்காமல் வாவியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறினான். "சேர் கண்டாக் கண்டதுதான். இது ஆள் நிக்கிற இடம்" என்றான். பஸ் மெதுவாக, ஒரு மரணவீட்டைத் தாண்டிப் போவதுபோல், அந்த இடத்தைக் கடந்தது.

எனக்குப் பின் ஆசனத்தில் வழமையாக வரும் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர், ஏறக்குறைய என் வயதுக்காரர், முன்னுக்குக் குனிந்து மெல்லக் கேட்டார். "வெள்ளைச் சாரமா, சேர்?"

"ஓம்" என்றேன், யோசிக்காமல்.

"உயரமா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய மகன் சண்டைக் காலத்தில் அந்த வீதியால் சைக்கிளில் போனவன். திரும்பி வரவில்லை. ஊருக்கே தெரிந்த கதை. என் வாயிலிருந்து வந்த அந்த 'ஓம்' திரும்பவும் என் வாய்க்குள் போகாதா என்றிருந்தது.

கண் கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இது பேயுமில்ல, பைத்தியமுமில்ல, சேர். கண் பாக்காம விடுற இடத்த மூளை தானா நிரப்புது. சிலருக்குப் பூ தெரியும், சிலருக்கு ஆக்கள் தெரியும். ஒரு அடையாளம் சொல்லுறன், மனசில வச்சிருங்க. அவங்க கதைக்க மாட்டாங்க" என்றார். கணக்கு வாத்தியாருக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டால் பாதி வருத்தம் போய்விடும். கிளினிக் வாசலில் நின்று நிம்மதியாக ஒரு பிளேன்டீ குடித்தேன்.

பஸ்ஸில் அந்த விளக்கம் செல்லுபடியாகவில்லை. "இண்டைக்கும் நிண்டவனா, சேர்?" என்று மறுநாள் அந்தப் பெண் கேட்டார். கண், மூளை, சீனி என்று எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டு, "ஓம் சேர்" என்றார். அடுத்த நாளும் அதே கேள்வி. பிறகு இன்னொருவர் தன் புருசனைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் தொலைபேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். "நான் கணக்கு வாத்தியார், பேய் பார்க்கிற கட்டாடி இல்லை!" என்று ஒரு நாள் பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு ஓர் ஆசனத்தை மட்டும் எப்போதும் காலியாக வைத்திருந்தார்கள். அந்த மரியாதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஆட்கள் கூடினார்கள். பள்ளிக்கூடப் படியில் ஒரு பிள்ளை இருக்கும், கிட்டப் போனால் இருக்காது. காரியாலய வாசலில் ஒருவர் நிற்பார். வணக்கம் சொன்னால் பதில் வராது. ஒரு நாள் அப்படி நின்றவரைக் கவனிக்காமல் கடந்து போனேன், அவர் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்த அதிகாரி. உயிரோடு நிற்பவர் யார், என் கண் வரைந்தவர் யார் என்று பிரித்தறிய முடியாமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம். கண் முழுவதும் இருண்டு போவதைக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

எங்கள் ஒரே மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். ஒரு நாள் வீடியோ அழைப்பில் வந்தவள், "அப்பா, ஒண்டு காட்டுறன் பாருங்க" என்று தொலைபேசியை முன்பக்கம் திருப்பினாள். அது ஒரு வாடகைக் கார். சாரதி ஆசனத்தில் யாருமில்லை. ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் சுற்றி, நின்று, தானாக நேராக வந்தது. "ஆளில்லாம ஓடுது. இது நித்திரை கொள்ளாது, குடிக்காது, போன் கதைக்காது. உங்கட பஸ்ஸவிட எவ்வளவோ பாதுகாப்பு" என்றாள். முன்பு ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போய்வந்தவள். பொழுதுபட்டால் அவற்றில் வரும் ஆட்களைக் கண்டு பயம் என்று இதற்கு மாறிவிட்டாளாம். நான் அந்த ஆசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே யாராவது இருந்து எனக்கு மட்டும் தெரியவில்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. மனைவியிடம், "உனக்கும் ஆளில்லையா?" என்று கேட்டேன். "எனக்கும் இல்ல" என்றாள். இரண்டு பேருக்கும் இல்லாதது பெரிய ஆறுதலாக இருந்தது.

நம் நாட்டில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததும் மகள் ஒரு மின்சாரக் கார் வாங்கித் தந்தாள். முழுதாகத் தானே ஓடுவதல்ல, அந்தச் சாதியில் ஒரு தம்பி என்று சொல்லலாம். பெருந்தெருவில் வெள்ளைக் கோடு இருக்கும் இடமெல்லாம் தானே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும், குறுக்கே ஏதும் வந்தால் தானே பிரேக் போடும். நகரத்துக் கந்தோர் ஒன்றில் வேலை செய்யும் மனைவி, அதுவரை கந்தோர் ஆட்களோடு வான் வண்டியில் போய்வந்தவள், சாரதிப் பத்திரம் எடுத்து ஓட்டத் தொடங்கினாள். நான் பக்கத்து ஆசனம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தக் கார் பஸ்ஸைவிடப் பாதுகாப்பானது. களுவாஞ்சிக்குடியில் ஓர் ஓட்டோ கைகாட்டாமல் குறுக்கே திரும்பியபோது மனைவியின் கால் போகும் முன் கார் நின்றது. காத்தான்குடியில் பேரீச்ச மரங்களுக்கு இரு பக்கமும் சைக்கிளும் ஓட்டோவும் சாமான் வண்டியும் பின்னிப் போகிற நெரிசலில், ஒருவரையும் உரசாமல் ஊர்ந்து போனது. சத்தமே இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய வரம் அதன் திரை. வீதியில் நிற்கும் ஒவ்வொருவரையும் அது சாம்பல் நிறப் பொம்மையாக வரைந்து காட்டும். முகமில்லை, உடுப்பில்லை, ஆள் என்று மட்டும் தெரியும். நான் ஓர் ஆளைக் காண்பேன், உடனே திரையைப் பார்ப்பேன். பொம்மை இருந்தால் உண்மையான ஆள். இல்லாவிட்டால் என் கண் வரைந்தவர். இப்படி ஒரு நீதவானை மடியில் வைத்துக்கொண்டு போகக் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? நான் அந்த இயந்திரத்தைக் காதலித்தேன் என்றே சொல்லலாம். மனைவியும் அதைத்தான் சொன்னாள், வேறு தொனியில்.

கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதம், ஓர் உச்சிப்பொழுது. அன்று மட்டும் காற்று அறவே இல்லை. வாவி அசையாமல் கிடந்தது. பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டது, மனைவியும் அரைநாள் லீவு எடுத்திருந்தாள், இருவரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். பாலம் தாண்டி, அந்த மரமில்லாத இடத்துக்கு வந்ததும் கார் தானாக பிரேக் போட்டு நின்றது.

"என்னத்துக்கு நிண்டது?" என்றாள் மனைவி.

எனக்குத் தெரிந்தது. வெள்ளைச் சாரம் கட்டியவன் நடு வீதியில் நின்றான். பழக்கப்படி திரையைப் பார்த்தேன். அதே இடத்தில் சாம்பல் பொம்மை ஒன்று நின்றது.

"ஆள் நிக்கிறான்" என்றேன்.

"எங்க?"

"முன்னுக்கு. திரையைப் பார்."

அவள் திரையைப் பார்த்தாள், கண்ணாடி வழியாகப் பார்த்தாள், கதவைத் திறந்து இறங்கியும் பார்த்தாள். "ஒருத்தரும் இல்ல. வெறும் றோட்டு" என்று சொல்லிக்கொண்டு அந்த வெயிலில் முன்னால் நடந்தாள். அவனுக்கு ஒரு முழத் தூரத்தில், அவன் பக்கம் திரும்பாமலே நின்றாள். அவள் திரும்பி வந்து ஏறும்போது பொம்மை அணைந்துவிட்டது. அவன் மட்டும் இன்னும் நின்றான். கார் அவனைக் கடக்கும்போது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"அது பாலத்துக் கம்பியாயிரிக்கும், இல்லாட்டி வெயில் மினுக்கம். இல்லாததுக்கும் சில நேரம் பிரேக் போடும் அப்பா, எல்லாக் காரும் அப்படித்தான்" என்று மகள் தொலைபேசியில் விளக்கம் சொன்னாள். நல்ல விளக்கம்தான். ஆனால் என் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடியது. ஒரே இடத்தில் ஒரே ஆளை இரண்டு சாட்சிகள் கண்டிருக்கின்றன, ஒரு சாட்சி காணவில்லை. நான் இரண்டின் பக்கம் சேர்ந்தேன். அதன் பிறகு மனைவி "ஆளில்ல" என்றாலும் "ஆள் நிக்குது" என்றாலும், திரையைப் பார்த்துத்தான் நம்பினேன். "அப்ப எண்ட கண் குருடா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். அப்போதும் என் கண் திரையில்தான் இருந்தது. பஸ்ஸில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இப்போது இயந்திரமும் 'ஓம்' சொல்லியிருக்கிறது என்பதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. படுவான்கரையில் மழை என்றால் வீதியும் வட்டையும் வாவியும் ஒன்றாகிவிடும். அந்த நாட்களில் எங்கள் பஸ் ஓடும் முறையே வேறு. வீதி எது, விளிம்பு எது என்று தெரியாத இடத்தில் கொண்டக்டரும் பயணி ஒருவரும் இறங்கி, ஆளுக்கொரு விளிம்பைக் காலால் தடவியபடி முன்னால் நடப்பார்கள். அவர்கள் இருவருக்கும் நடுவே பஸ் ஊரும். "வரட்டும்! வரட்டும்! இடப்பக்கத்தால!" என்று கத்திக்கொண்டே போவார்கள். இறங்கி நடக்கும் சனமும் பஸ்ஸைத் தொட்டுக்கொண்டு நடக்கும். மோதப்போகிறது என்றால் தகரத்தில் கையால் அடிப்பார்கள், சாரதி நிறுத்துவான்.

அன்று காலை நாங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் போனோம். வீதியில் கெண்டைக்கால் அளவு தண்ணீர், விளிம்புக்கு அப்பால் இடுப்பளவு. திரையில் கோடும் இல்லை, வீதியும் இல்லை, வெறும் சாம்பல் வெளி. முன்னால் நடந்தவர்களில் ஒரு பொம்மையைக்கூட அது வரையவில்லை. கமராவில் சேற்றுத் தண்ணீர் அடித்திருந்தது, அல்லது பாதம் தெரியாமல் தண்ணீருக்குள் நடப்பவரை ஆள் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மழைக்குள் எனக்கு எங்கும் ஆட்கள் தெரிந்தார்கள், இரு பக்கமும், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல்.

"மின்சாரக் கார், தண்ணி ஏறினாச் சரி வராது. நான் பின்னுக்கு எடுக்கப்போறன், பாத்துச் சொல்லுங்க" என்றாள் மனைவி. அவளுடைய பக்கக் கண்ணாடி புகார் பிடித்து மங்கியிருந்தது. நான் ஜன்னலை இறக்கித் திரும்பிப் பார்த்தேன். என் பக்கம், விளிம்புக்கு அப்பால் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண் வீதிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். தலையில் பொலித்தீன் பை கவிழ்த்திருந்தாள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. நான் திரையைப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

"ஒருத்தரும் இல்ல. வா, வா, வரட்டும்" என்றேன்.

கார் பின்னால் போனது. அவள் அசையாமல் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டே "வா, வா" என்றேன். கார் விளிம்பை நோக்கிச் சரிந்தது. அவளுடைய மார்பில் காரின் பின்பக்கம் முட்டியது, அவள் இரண்டு கையாலும் தகரத்தில் படார் படாரென்று அடித்தாள். "சேர்! சேர்! நான் நிக்கிறன்!"

மனைவி பிரேக்கை மிதித்தாள். அந்தப் பெண் நிலை தடுமாறித் தண்ணீருக்குள் போய், யாரோ ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்க, இருமிக்கொண்டு மேலே வந்தார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் அதே பெண், பஸ்ஸைப் பிடிக்க வட்டைக்குள்ளால் குறுக்கே வந்தவர். இன்னும் ஒரு முழம் கார் போயிருந்தால் அவரும் போயிருப்பார், நாங்களும் அவருக்கு மேலே கவிழ்ந்திருப்போம். இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்னையும் அவங்களோட சேத்துப்போட்டீங்களா, சேர்?" என்றார்.

இப்போது நான் திரும்பவும் பஸ்ஸில் போகிறேன். கார் கூடாது என்று சொல்லமாட்டேன். மனைவி அதில்தான் கந்தோருக்குப் போகிறாள், நல்ல நாளில் அதைவிடப் பத்திரமான வாகனம் இந்த வீதியில் இல்லை, மகள் சொன்னது சரி. சாரதி இன்னும் தொலைபேசியில் ஏசிக்கொண்டுதான் ஓட்டுகிறான், பஸ் ஒரு நாள் கவிழலாம். ஆனால் பஸ்ஸில் எல்லாரும் கத்துகிறார்கள். காலை மிதித்தால் ஏசுகிறார்கள், இறங்கும் இடத்தைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள், இருமுகிறார்கள். ஏசுகிறவர் உயிரோடு இருப்பவர். அந்தப் பெண் என் பக்கத்திலேயே வந்து இருந்து, "நான்தான் சேர்" என்று ஏறும்போதே சொல்லிவிடுகிறார். மகனைப் பற்றி அதன்பின் கேட்கவில்லை. மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம்: வீட்டில் என்னைக் கண்டால் முதலில் அவள்தான் பேச வேண்டும்.

போன கிழமை, பொழுது சாயும் நேரம், பஸ்ஸால் இறங்கி எங்கள் ஒழுங்கைக்குள் நடந்தேன். மனைவி கேற்றடியில் நின்றாள். வீட்டில் போடும் நீலச் சோட்டி, ஈரத் தலை. அன்று எனக்கு முன்னமே வெள்ளன வந்துவிடுவேன் என்று காலையில் சொல்லியிருந்தாள். அவள் பேசவில்லை. காலையில் கொஞ்சம் வாய்த்தர்க்கப்பட்டிருந்தோம், அந்தக் கோபமாக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு முன்னால் நின்று, எவ்வளவோ நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"உன் கண்ணை நம்பாமல் அந்தப் பெட்டியை நம்பினது பிழைதான் புள்ள. எனக்குப் பயம். உன்னையும் ஒரு நாள் ஆள் இல்லையென்று நினைச்சிருவனோ என்று பயம்."

அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். எனக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் விழுந்தது. சத்தமில்லாமல் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"இஞ்ச, ஆரோட கதைக்கிறீங்க?" என்றாள் மனைவி, காருக்குள்ளிருந்து.

"உன்னோடதான்" என்றேன்.

அவள் கேற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "நிக்கிறீங்கதானே, கேற்றத் திறந்து விடுங்க" என்றாள்.

கேற்றுக்கு முன்னால் நீலச் சோட்டியோடு அவள் இன்னும் நின்றாள். கொண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் அவளுக்குள்ளால்தான் கை போக வேண்டும். நான் திரும்பாமலே, "புள்ள, நீ கதைச்சுக்கொண்டே இரி. நிப்பாட்டாத" என்றேன். என்ன கதைக்க என்று காருக்குள் இருந்தவள் கேட்கவில்லை. கந்தோரில் மின்விசிறி பழுதான கதையைத் தொடங்கினாள். சந்தையில் இறால் வாங்கினதையும், அதில் பாதி பழசு என்பதையும், மகள் நாளைக்கு எடுப்பாள் என்பதையும் சொன்னாள். அவளுடைய குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. நான் அந்தக் குரலைப் பின்னால் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து, நீலச் சோட்டிக்குள் கையை நீட்டினேன். கொண்டி குளிராகக் கையில் பட்டது. இழுத்துத் திறந்தேன்.